இரசிகமணி டி. கே. சி.

தென்காசிக்கு அருகே, திரிகூடமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது திருக்குற்றாலம். ஆனி, ஆடித் திங்களில் அங்கே சாரல் வீசும். சிற்றாறு அருவியாகப் பாய்ந்து வீழும். அருவியாடவும் குற்றாலநாதரை வழிபடவும் மக்கள் திரள்திரளாக அவ்வூருக்கு வருவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழ்ப் பாடலைக் கேட்பதற்கென்றே வந்தவர்களும் உண்டு. அவர்கள் நாடிச் சென்றது, பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியாரின் இல்லத்தை. அப்பெரியாரே இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். டி. கே. சி. என்னும் மூன்றெழுத்தால் தமிழுலகம் அவரை அறியும்.

தென்காசியில் சிறப்புற்று விளங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். உயர்கல்வி கற்று, சட்டமும் பயின்று, திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். பின்னர்ச் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினராக இருந்தார். 1930ஆம் ஆண்டு முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் பணியாற்றினார். இவை யாவும் மதிப்பு மிக்க பதவிகளே. எனினும், அவரது பெயர் இன்று நிலைத்து நிற்பது இப்பதவிகளால் அன்று.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோர் பலர் தமிழைப் புறக்கணித்தனர். தமிழ்ப் பாடல்கள் புலவர்க்கே உரியவை, ஏனையோர்க்கு விளங்காதவை என்னும் எண்ணம் பரவியிருந்தது. தாய்மொழியின் செல்வம் வீட்டிலேயே இருந்தும், அதனைத் துய்ப்பார் இல்லாமற் போனது. இந்நிலை டி. கே. சி.யின் உள்ளத்தை வருத்தியது. பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழே பயிற்று மொழியாதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதனோடு அமையாது, தம்மால் இயன்றதைத் தம் வீட்டிலேயே தொடங்கினார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவரது இல்லம் இருந்தது. அங்கிருந்த வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் மாலை நேரத்தில் கூடுவர். அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்பதே பெயராயிற்று. சங்கத்திற்குரிய சட்டதிட்டங்கள் அதற்கு இல்லை, கட்டணமும் இல்லை. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகாராஜன் முதலியோர் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அரசு அலுவலரும், வழக்கறிஞரும், பேராசிரியரும், மாணவரும் ஆங்கே ஒன்றாக அமர்ந்து தமிழைச் சுவைத்தனர்.

பதவியிலிருந்து விலகிய பின்னர் டி. கே. சி. குற்றாலத்தைத் தம் உறைவிடமாகக் கொண்டார். ஓய்வு என்பது அவருக்குச் செயலற்றிருத்தல் ஆகவில்லை. அவரது வீட்டு வாயில் யாவர்க்கும் திறந்திருந்தது. மூதறிஞர் இராஜாஜியும் எழுத்தாளர் கல்கியும் அங்கு வந்து தங்கினர். பெயர் பெறாத இளைஞரும் வந்தனர். வந்தவர் எவராயினும் அன்போடு வரவேற்று, இலை போட்டு உணவளித்து, அதன்பின் பாட்டமுதும் ஊட்டுவது அவ்வில்லத்தின் வழக்கம். அவருடைய துணைவியார் பிச்சம்மாள் இவ்விருந்தோம்பலுக்கு உறுதுணையாக இருந்தார்.

ஒரு பாடலை அவர் விளக்கும் முறை தனிச்சிறப்புடையது. முதலில் பாடலை மெல்லச் சொல்வார். அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்போர் செவியில் படியும் வரையில் மீண்டும் மீண்டும் சொல்வார். அருஞ்சொற்களை அடுக்கி அச்சுறுத்த மாட்டார். பேச்சு வழக்கை ஒட்டிய எளிய தமிழிலேயே விளக்குவார். கேட்டவர், இது நமக்கும் விளங்குகிறதே என்று வியப்பர். தொலைவில் இருந்தோர்க்குக் கடிதங்களின் வாயிலாக அதே தொண்டினைச் செய்தார். அக்கடிதங்கள் பின்னர் நூல்வடிவும் பெற்றன.

பிறரது புகழை வளர்ப்பதில் அவர் பேருவகை கொண்டார். நாஞ்சில் நாட்டில் அடக்கமாக வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைச் சென்றவிடமெல்லாம் எடுத்துரைத்தார். 1939ஆம் ஆண்டில் காரைக்குடியில் கம்பன் திருநாள் முதன்முதலாக நடைபெற்றபோது அதற்குத் தலைமை தாங்கினார். இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்க வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்திற்கும் துணை நின்றார்.

அவரது வாழ்வில் துன்பமும் எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. தமிழார்வம் மிக்க அவருடைய மைந்தர் தீத்தாரப்பன் இளமையிலேயே மறைந்தார். முதுமைப் பருவத்தில் வந்த அத்துயரையும் அவர் தாங்கினார். வருவோரை வரவேற்பதை நிறுத்தவில்லை. கம்பராமாயணத்தில் இடைச்செருகல் என்று தாம் கருதிய பாடல்களை நீக்கியும், சில சொற்களைத் திருத்தியும் அவர் பதிப்பித்தார். சுவையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு மூலநூலில் கைவைத்தல் தகாது என்று புலவர் பலர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஏட்டுச் சான்று இன்றிப் பாடலைத் திருத்தும் முறையை ஆராய்ச்சி உலகம் ஏற்பதில்லை. ஆயினும், கம்பரை ஏறெடுத்தும் பாராத பலரைக் கம்பர்பால் ஈர்த்தவர் டி. கே. சி. என்பதை மறுப்பார் அரியர்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் அப்பெருந்தகை மறைந்தார். அவர் மாளிகை எதனையும் எழுப்பி அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. தாம் பெற்ற இன்பத்தைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே அயலார்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்தளித்தார். அவர்கள் அதனைப் பிறர்க்கு அளித்தனர். பொதுத்தொண்டு புரிவதற்குப் பொருளும் பதவியும் இன்றியமையாதன என்று நாம் எண்ணுகிறோம். ஓய்ந்திருக்கும் வயதில், திறந்த கதவும் கனிந்த உள்ளமும் கொண்டே ஒருவர் ஒரு மொழிக்குத் தொண்டாற்ற முடிந்தது. நாம் கற்ற நல்லதொரு பாடலை, கல்லாத ஒருவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வோமாயின், அதுவும் அவர் விட்டுச் சென்ற தொண்டின் ஒரு பகுதியே ஆகும்.