கற்கண்டு கொடுத்த தணிகை முருகன்

ஓம் சரவணபவ!

திருத்தணி படி ஏறும்போதெல்லாம் எனக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் ஞாபகம்தான் வரும். அவரைப் பெரிய சங்கீத மேதைன்னு நமக்குத் தெரியும். அவர் ஒரு நல்ல பாட்டு வாத்தியார் என்பதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

அப்பா ராமஸ்வாமி தீட்சிதரும் பெரிய வித்வான். ஹம்சத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர் அவர்தான். ரொம்ப நாள் குழந்தை இல்லாமல் வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டினார். பிறகு திருவாரூரில் பிறந்த பிள்ளைக்கு அந்த முருகன் பேரையே வைத்தார். தம்பிகள் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி இருவருக்கும் சங்கீதம்தான் வாழ்க்கை. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி பாலுஸ்வாமி.

இளம் வயதில் முத்துஸ்வாமி, சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில வருஷம் தங்கினார். குரு மறைந்த பிறகு ஊர் திரும்பி, திருத்தணிக்கு வந்தார். அங்கே தியானத்தில் இருந்தப்ப ஒரு பெரியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டை வைத்துவிட்டு மறைந்தாராம். வந்தது முருகனேதான் என்று உணர்ந்தவர் அங்கேயே பாட ஆரம்பித்தார். முதல் கிருதி மாயாமாளவகௌளை ராகம். நாம சின்ன வயசில் சரளி வரிசை கத்துக்கிற அதே ராகம்! பாட்டுக்கு முத்திரையாகத் தன் பேரை வைக்கவில்லை, 'குருகுஹ' என்று வைத்தார். முருகன்தான் குரு, தான் மாணவன்.

கிடைத்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அவரிடம் கற்றவர்கள். இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை அமைத்தது இந்தச் சகோதரர்கள்தான். திருவாரூரில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் என்ற சீடருக்குத் தீராத வயிற்றுவலி. குரு கிரகத்தின் மேல் அடாணா ராகத்தில் ஒரு கிருதி செய்து அவரைப் பாட வைத்தார், வலி தீர்ந்தது என்பார்கள். நவக்கிரக கிருதிகள் இப்படித்தான் பிறந்தனவாம். சீடனோட வலியைத் தன் வலியா எடுத்துக்கிட்ட வாத்தியார்!

கடைசியில் தம்பி பாலுஸ்வாமி இருந்த எட்டயபுரத்துக்குப் போனார். 1835 தீபாவளி அன்று அங்கேயே முருகனடி சேர்ந்தார். சமாதியும் அங்கேதான். பாட்டெல்லாம் சீடர்கள் குரலிலும் குடும்பத்திலும்தான் உயிரோடு இருந்தது. பாலுஸ்வாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர், 1904-ல் 200-க்கும் மேற்பட்ட கிருதிகளை ஸ்வரத்தோடு அச்சில் கொண்டுவந்தார். நடுவில் 69 வருஷம். யாராவது சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தால், எத்தனையோ பாட்டு அவங்களோடயே போயிருக்கும்.

பாட்டு கிளாஸைப் பாதியில் விட்டவன் நான். போன மாசம், அதே மாயாமாளவகௌளையில், முதல் வரிசையிலிருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு முருகன் பாட்டை, வீட்டுல ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்க. அதுவும் ஒரு கற்கண்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!