கறிவேப்பிலை மரத்தில் வாலஸ்

மலாக்கா, ஜாசினில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. கொழுந்தையெல்லாம் புழு தின்றுவிடுகிறது என்று அம்மா புலம்பாத நாளில்லை. ஒருநாள் காலையில் அந்தப் புழுவின் தாயைப் பார்த்தேன். சிறகில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி அது. இலைக்கு இலை தாவி, முன்னங்காலால் தட்டிப் பார்த்து, ஒரு தளிரில் ஒற்றை முட்டையிட்டது. பக்கத்தில் பறந்த இன்னொன்றுக்கு வெள்ளைப் பட்டை மட்டுமே. இரண்டும் வெவ்வேறு இனம் என்றே நினைத்தேன். ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும்தான் அவை என்பதை ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் வரலாற்றைப் படித்தபோது அறிந்தேன்.

வாலஸ் 1823-இல் வேல்ஸில் பிறந்தார். குடும்ப வறுமையால் 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனுடன் நில அளவை வேலைக்குப் போனார். 1848-இல் அமேசான் காட்டுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் உயிரினங்களைச் சேகரித்தார். திரும்பும் வழியில் கப்பல் தீப்பிடித்தது. சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பலானது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1854-இல் சிங்கப்பூர் வந்தார். அதே ஆண்டு நம் மலாக்காவுக்கும் வந்தார். இங்கே காய்ச்சலில் விழுந்து, கொய்னா மருந்தால் தேறி, லேடாங் மலையில் ஏறினார். எட்டு ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் அவர் சேகரித்தவை 1,25,000-க்கும் மேல். 1858-இல் பரிணாமக் கொள்கை டார்வின் பெயரோடு இவர் பெயரிலும் வெளிவந்தது.

எங்கள் கொல்லைக்கு வந்த இனத்தையும் அவர் ஆராய்ந்தார். ஈசுரமூலி இனக் கொடிகளைத் தின்று வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு உடலில் நஞ்சு உண்டு. பறவைகள் அதைத் தொடா. நம் பெண் பூச்சிகளில் பல அதன் வேடத்தைப் போட்டுக்கொள்கின்றன. பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வேடம்? முட்டைச் சுமையோடு மெதுவாகப் பறந்து, இலையில் அமர்ந்து முட்டையிடும் நேரத்தில்தான் அதற்கு ஆபத்து அதிகம் என்றார் வாலஸ்.

காலில் உள்ள நுண்மயிர்களால் பூச்சி இலையைச் சுவைத்து அறிகிறது என்பதைப் பின்னால் வந்த அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். தாய்க்கு உணவு பூந்தேன், இலை பிள்ளைக்குத்தான். பொரித்த புழுவால் வேறு செடி தேடிப் போக முடியாது. தாய் தவறான இலையில் முட்டையிட்டால் பிள்ளை பட்டினிதான்.

வாலஸ் 1913-இல் தம் 90-ஆம் வயதில் மறைந்தார். பள்ளி நின்ற பிறகும் அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இப்போது மரத்தில் ஒரு கிளையை மட்டும் அம்மா பறிப்பதில்லை. அது புழுக்களுக்கு.