புனித தோமையாரும் விவிலியத்தில் சேராத நூலும்

உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டால்தான் நம்புவேன் என்ற தோமையார் பின்னர் எங்கே சென்றார் என்பதை நற்செய்திகள் கூறவில்லை. 3ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த ‘தோமையார் பணிகள்’ கூறுகிறது. இந்தியா செல்ல மறுத்த அவரை ஆண்டவர் ஒரு வணிகனுக்கு அடிமையாக விற்றாராம். கொந்தோபாரஸ் மன்னன் மாளிகை கட்டக் கொடுத்த பொன்னை அவர் ஏழைகளுக்கு வழங்கினாராம்.

பேசும் கழுதைகளும் இல்லறத்தை இகழும் போதனையும் கலந்த அந்நூலைத் திருச்சபை விவிலியத்தில் ஏற்கவில்லை. ஆயினும் மன்னன் கற்பனையல்லன். அவன் பெயர் பொறித்த நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. அவை அப்போஸ்தலரின் பயணத்தை மெய்ப்பிப்பன அல்ல.

மயிலாப்பூரில் அவர் இரத்தசாட்சியானார் என்பது மரபு. அவர் வழிவந்த கேரளக் கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் பலர், 1893 முதல் 1955 வரை கண்டி அம்பிட்டியவில் இருந்த பாப்பிறைக் குருமடத்தில் பயின்று குருக்களாயினர். நம் பிள்ளைகள் கேட்கும்போது, கதையையும் வரலாற்றையும் பிரித்தே சொல்லிக்கொடுப்போம். உண்மையை அஞ்சாமல் தேடியவர் தோமையார்.