ஆடி மர்பி

போரில் புகழ் எய்தினோர்க்குச் சிலை நாட்டுதலும், வீதிகளுக்கும் கோட்டைகளுக்கும் அவர்தம் பெயரிடுதலும் எந்நாட்டிலும் காணப்படும் வழக்கமாம். ஆயின் பிணியாளர் நிறைந்த வைத்தியசாலைக்கு ஒரு போர்வீரர் பெயரைச் சூட்டுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அந்தோனியோ நகரில், முன்னாட் படைவீரர்க்கென அமைந்த பெரிய வைத்தியசாலை ஆடி மர்பி என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயர் அதற்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பது அவர் சரித்திரத்தை அறிவார்க்கு இனிது விளங்கும்.

மர்பி 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் தேதி, டெக்ஸாஸில் கிங்ஸ்டன் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதுவந்த அக்குடும்பத்தில் பிறந்த மக்கள் 12 பேருள் இவர் ஏழாமவர். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டு அகன்றமையால், இவர் ஐந்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திப் பருத்தி எடுக்கும் கூலிவேலைக்குச் சென்றார். முயல், அணில் முதலியவற்றைச் சுட்டு வீட்டின் பசி தணிப்பதும் இவர் பொறுப்பாயிற்று. தோட்டாவை வீணாக்க இடங்கொடாத வறுமையே இவருக்குக் குறி தவறாமையைக் கற்பித்த ஆசான் எனலாம். 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாயாரும் இறக்கவே, இளையோர் மூவரை அநாதை விடுதியில் விட நேர்ந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. மர்பி படையிற் சேர முயன்றபொழுது, வயதும் எடையும் போதாவென்று மறுக்கப்பட்டார். பின்னர்த் தமக்கையார் ஓராண்டு கூட்டிக் கொடுத்த வயதுச் சான்றின் துணையால் 1942 ஜூனில் காலாட்படையிற் சேர்ந்தார். ஸிஸிலித் தீவிலும் இத்தாலியிலும் தெற்கு பிரான்ஸிலும் போர் புரிந்து, சாதாரணச் சிப்பாய் நிலையிலிருந்து அதிகாரியாக உயர்ந்தார். 1944 ஆகஸ்டில் தம் ஆருயிர்த் தோழர் லாட்டி டிப்டன், சரணடைவதுபோல் நடித்த பகைவரால் சுடப்பட்டுத் தம் கண்முன்னே மாண்டதை அவர் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

1945 ஜனவரி 26-ஆம் தேதி, பிரான்ஸில் ஹோல்ட்ஸ்விர் என்னும் ஊரருகே, ஆறு டாங்கிகளோடு ஜெர்மானியக் காலாட்படை இவரது சிறு படைப்பிரிவின்மேல் வந்தது. மர்பி தம் வீரரைக் காட்டினுட் பின்வாங்குமாறு பணித்து, தாம் மட்டும் முன்னே தங்கி, டெலிபோன் வாயிலாகப் பீரங்கிப் படைக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். பின்பு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்ததொரு பீரங்கி வண்டியின்மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பகைவரைத் தடுத்தார். காலிற் காயமுற்றும் சிகிச்சையை ஏலாது, தம் வீரரைத் திரட்டிப் பகைவரை எதிர்த்துச் சென்றார். அப்பொழுது அவர்க்கு வயது 19. அந்நாட்டின் தலையாய வீரப் பதக்கம் அவ்வாண்டு ஜூனில் அவர்க்கு அளிக்கப்பெற்றது.

போர் முடிந்தபின் மர்பி ஹாலிவுட்டில் நடிகராகி, 40-க்கு மேற்பட்ட படங்களில் தோன்றினார். 1949-இல் தம் போர் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அது 1955-இல் திரைப்படமாக, அதிற் கதாநாயகராகத் தாமே நடித்தார். உலகம் கண்ட காட்சி இது. உலகம் காணாதது வேறு. இரவில் அவருக்கு உறக்கமில்லை, உறங்கினாற் கொடுங்கனவு. குண்டேற்றிய கைத்துப்பாக்கியைத் தலையணையின்கீழ் வைத்துப் படுத்தார். உறக்க மாத்திரைகளுக்கு அடிமையாகியதை உணர்ந்தபொழுது, ஒரு விடுதி அறையிற் பூட்டிக்கொண்டு, அப்பழக்கத்தினின்றும் தம்மை விடுவித்துக்கொண்டார்.

இத்தகைய துன்பத்தைக் கோழைத்தனமெனக் கருதி மறைத்தலே அக்காலத்துப் படைவீரர் வழக்கம். மர்பியோ அதனை வெளிப்படையாகப் பேசினார். கொரியாவினின்றும் வியட்நாமினின்றும் திரும்பிய வீரர் உள்ளத்தில் யுத்தம் விளைத்த புண்ணை அரசாங்கம் ஆராய்ந்து, தக்க சிகிச்சை அளித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் அந்நோயைத் தன் நூலில் தனியே வகுத்துப் பெயரிட்டது 1980-இலேயே. எரியும் வண்டிமேல் ஏறியதினும், தாம் நோயுற்றவர் என்று ஊரறியக் கூறியது குறைந்த துணிவன்று.

1971 மே 28-ஆம் தேதி, வர்ஜீனியா மாகாணத்து மலையொன்றில் விமானம் மோதியதால் மர்பி தமது 45-ஆம் வயதில் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அவரது கல், பதக்கம் பெற்றோர்க்குரிய பொன்னெழுத்தின்றி எளியதாகவே நிற்கின்றது. 1973-ஆம் ஆண்டில் சான் அந்தோனியோ வைத்தியசாலை அவர் பெயரால் அர்ப்பணம் செய்யப்பெற்றது. அவர் மனைவியார் பமேலா, கணவர் இறந்தபின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் படைவீரர் வைத்தியசாலை ஒன்றிற் பணியேற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நோயாளர் குறைகேட்டு உழைத்து, 2010-இல் மறைந்தார்.

பெயர் சூட்டுதல் கடனை ஒப்புக்கொள்ளுதலேயன்றிக் கடனைத் தீர்த்தலன்று. வாயிலிற் பொறித்த பெயர் வீரரைப் புகழும். உள்ளே, உறக்கமின்றி வரும் எளிய சிப்பாயின் சொல்லைப் பொறுமையோடு கேட்கும் மருத்துவரே அப்பெயரைக் காப்பார். அங்ஙனம் கேட்கப்படும் ஒவ்வொரு நாளும், மர்பி விரும்பிய நினைவுச்சின்னம் எழும்பிக்கொண்டே இருக்கின்றது.