ஊர் கூடி இழுத்த தேர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல் மாணவர்)

திரைப்படம் எடுக்க என்ன வேண்டும் என்று நம்மில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் விடை பணம் என்பதுதான். அந்தப் பணத்தைப் போடுபவர் முதலாளி. படத்தை வாங்கி ஊர்களுக்கு அனுப்புபவர் விநியோகஸ்தர். பாட்டு எங்கே வரவேண்டும், சண்டை எங்கே வரவேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கே போய்விடுகிறது. முதலாளியும் வேண்டாம், விநியோகஸ்தரும் வேண்டாம், மக்களிடம் கையேந்திப் படம் எடுப்பேன் என்று புறப்பட்டு, எடுத்தும் காட்டிய கலைஞர் ஒருவர் நம் அண்டை மாநிலத்தில் வாழ்ந்தார். அவர்தான் ஜான் ஆபிரகாம். (இந்தி நடிகர் ஒருவருக்கும் இதே பெயர். கைப்பேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பவர் அவரே! நான் எழுதுவது அவரைப் பற்றியன்று.)

ஜான் 1937 ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தார். நீர் சூழ்ந்த குட்டநாட்டு வயல்களை அறிந்து வளர்ந்தவர். பட்டம் பெற்றபின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை கிடைத்து, கருநாடகத்தின் பெல்லாரியில் பணியாற்றினார். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் ஓய்வூதியம். அதை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் மாணவராய்ப் போய்ச் சேர்ந்தார்!

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வங்கியிலோ ஆயுள் காப்பீட்டிலோ ஒரு நாற்காலி எனக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் காணும் ஒரே கனவு. கிடைத்த நாற்காலியை விட்டு எழுந்து போன ஒருவரை மெச்சி எழுதுவதா என்ற தயக்கம் இப்போதும் எனக்கு இருக்கிறது. ஆயினும் எழுதுகிறேன்.

புனேயில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வங்கத்து ரித்விக் கட்டக். நாட்டுப் பிரிவினையில் வீடிழந்த மக்களின் துயரைப் படமாக்கியவர் கட்டக். கதை நேராகப் போகவேண்டும் என்ற கட்டாயமில்லை, பழங்கதையும் நாட்டார் பாட்டும் திரையில் இடம்பெறலாம் என்ற துணிவை அவரிடமிருந்தே ஜான் பெற்றார் எனலாம். திரைக்கதை, இயக்கம் ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்று வெளியே வந்தார். மணி கௌல் 1969 இல் எடுத்த 'உஸ்கி ரோட்டி' படத்தில் உதவி இயக்குநராய் இருந்தார். 1972 இல் முதற்படம் வந்தது. அதன் மலையாளப் பெயரைத் தமிழில் சொன்னால், மாணவர்களே, இவ்வழியே இவ்வழியே என்று பொருள்படும். நம்மைப் போன்றோரைக் கூப்பிடும் பெயர்தான்! ஆனால் அது பெரிதாக ஓடவில்லை.

அடுத்த படத்தை அவர் எடுத்தது தமிழில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அக்ரகாரத்தில் கழுதை' 1977 ஆம் ஆண்டுப் படம். திரைக்கதையில் பங்குகொண்டவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. கதாநாயகனாக நடித்தவர் நடிகரே அல்லர், இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன்!

நாராயணசாமி என்னும் கல்லூரிப் பேராசிரியர் வீட்டுக்குத் தாயிழந்த கழுதைக்குட்டி ஒன்று வந்து சேர்கிறது. மாணவர்கள் கேலி செய்கிறார்கள். அவர் அதைத் தம் சொந்த ஊரான அக்ரகாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். வாய்பேசாத உமா என்ற பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதையின் தலையில் விழுகிறது. உமாவுக்குப் பிறந்த இறந்த குழந்தை கோயில் முன் கிடந்ததற்கும் கழுதையே காரணம் என்று அதை அடித்தே கொல்கிறார்கள். அதன்பிறகு ஊரில் நல்லவை சில நடக்க, கொன்றவர்களே அதற்குக் கோயில் கட்ட முனைகிறார்கள்! கடைசியில் அக்ரகாரமே தீக்கிரையாகிறது.

அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. விருது கிடைத்ததே தவிர, மக்களைச் சென்றடைய வழி கிடைக்கவில்லை. பின்னாளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்ப ஏற்பாடாகி, எதிர்ப்பு எழவே அதுவும் நின்றுபோயிற்று. எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சொல்லி, விடுதி அறையில் நான்கு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து இப்படத்தைப் பார்த்தோம். இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். படத்தில் யாரும் கழுதையின் மீது வைத்த பழியைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பார்த்த ஒன்றுக்கும் நடந்த ஒன்றுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் அதுவே காரணம் என்றாகிவிடுகிறது. என் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பழி சுமந்தவை எல்லாம் கழுதைகள் அல்ல.

1979 இல் வந்த 'செரியாச்சனின் கொடுஞ்செயல்கள்' குட்டநாட்டு நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைக் காட்டுவது. பெயர்தான் அப்படி. செரியாச்சன் கையால் ஒரு கொடுமையும் செய்வதில்லை. உழவர்மீது நடந்த கொடுமையைக் கண்டவன், குற்றம் தன்னுடையதே என்று அஞ்சி அஞ்சி நிலைகுலைகிறான். நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்ற அடூர் பாசி அந்தப் பாத்திரத்தை ஏற்றார்.

அன்றைய கேரளத்தில் நல்ல படம் எடுக்க விரும்பியோர் திரைப்படச் சங்கமும் கூட்டுறவும் அமைத்தார்கள். அரசு நிதிக் கழகத்தில் கடன் வாங்கினார்கள். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' அவ்வாறு வந்ததே. அதில் குறை ஏதுமில்லை. ஆனால் ஜான் வேறு வழி தேடினார். 1984 இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற மக்கள் அமைப்பைத் தொடங்கினார். ஒடேசா என்றால் ஐசன்ஸ்டீனின் 1925 ஆம் ஆண்டுப் படத்தில் படிக்கட்டில் மக்கள் சுடப்படும் நகரம் என்பது திரைப்பட ஆர்வலர்க்குத் தெரியும்.

ஒடேசா நண்பர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பறை கொட்டிக் கூட்டம் சேர்த்தார்கள், தெருநாடகம் போட்டார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரைகட்டிக் காட்டினார்கள். 1921 ஆம் ஆண்டு ஊமைப்படம் ஆதலால் மொழி தடையில்லை. படம் முடிந்ததும் துண்டை விரித்து, எங்கள் படத்துக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சில்லறையும் நோட்டுமாகச் சேர்ந்த பணத்தில் உருவானதே 'அம்மா அறியான்', 1986.

இவ்வாறு சேர்ந்த பணத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு ரூபாய் கொடுத்தவர் கதையை மாற்று என்று சொல்லமாட்டார். ஆனால் கொடுத்த அத்தனை பேருக்கும் படத்தைக் காட்டியாக வேண்டும். ஜான் அதையே விரும்பினார். படம் கொட்டகைகளுக்குப் போகாமல் பணம் தந்த ஊர்களுக்கே திரும்பிப் போயிற்று. என் முதலாண்டுக் கட்டணமும் விடுதி முன்பணமும் இப்படித்தான் சேர்ந்தன. அத்தையின் கம்மல் அடகுக்குப் போயிற்று. சித்தப்பா பால்பணத்தில் 1,000 கொடுத்தார். மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கில் எழுதாமல் 500 கொடுத்தார். யாரும் ரசீது கேட்கவில்லை. விடுமுறைக்குப் போனால் மட்டும், என்னதான் படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒளியின் குறுக்கீட்டை அத்தைக்கு எப்படி விளக்குவது?

'அம்மா அறியான்' என்றால் அம்மா அறிவதற்காக என்று பொருள். புருஷன் என்ற இளைஞன் தாயிடம் விடைபெற்று, கடிதம் எழுதுவதாகச் சொல்லி, தில்லிக்குப் புறப்படுகிறான். வயநாட்டு மலைவழியில் தூக்கில் தொங்கி இறந்த ஓர் இளைஞனின் உடலைக் காண்கிறான். எங்கோ பார்த்த முகம். விசாரிக்க, அவன் தபலா வாசிக்கும் ஹரி என்று தெரிகிறது. தில்லிப் பயணம் நிற்கிறது. கொச்சியில் இருக்கும் ஹரியின் தாயிடம் செய்தி சொல்லப் போகிறான். ஒவ்வோர் ஊரிலும் நண்பன் ஒருவன் சேர்ந்துகொள்கிறான், அவனவன் தாயிடம் சொல்லிவிட்டு. வழியெல்லாம் மாணவர் போராட்டமும் தொழிலாளர் போராட்டமும். கொச்சி சேரும்போது அது பெருங்கூட்டமாகிவிடுகிறது. வேணுவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் அந்த முகங்கள் மறப்பதற்கில்லை. படம் சில இடங்களில் நீள்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது; நான் கடிதம் எழுதினால் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்லவேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்தத் தாய்மார்களிடம் வாசலில் நின்று நேரில் சொல்லும் காட்சிகளே எனக்கு நெருக்கமாயின.

இப்படத்துக்காக ஜானுக்குத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும், வேணுவுக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன.

ஜானைப் பற்றிப் பேசுவோர் அவரது குடியையும் நாடோடி வாழ்வையும் வியந்து வியந்து பேசுவதுண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. குடித்ததால் அவர் கலைஞர் ஆகவில்லை. குடியால் நமக்குப் படங்கள் குறைந்தன என்றே நினைக்கிறேன். எங்கள் தெருவில் குடியை வியப்பவர் எவருமில்லை, அதன் கணக்கைத் தீர்ப்பவர்கள் பெண்கள்.

1941 இல் நடந்த கையூர் உழவர் எழுச்சியையும் படமாக்க அவர் முயன்றார். அவ்வெழுச்சிக்காக நான்கு இளைஞர்கள் 1943 இல் கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் படம் கைகூடவில்லை. 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில், கட்டடம் ஒன்றின் மாடியிலிருந்து தவறி விழுந்து ஜான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. முடித்திருந்த முழுநீளப் படங்கள் நான்கு. ஒடேசா நண்பர்கள் அதன்பின் ஆவணப்படங்கள் எடுத்தார்கள்.