கொடியைத் தந்த வெங்கய்யா



சென்ற சுதந்திர தினத்தன்று நம் வளாகத்தில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சிறுமி, இந்தக் கொடியை யார் வரைந்தது என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் காந்தி என்றும் நேரு என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம் ஆகஸ்ட் 15 காலையில் கொடிக்கயிறு கட்டியவன் நான். எனக்கும் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் பிங்கலி வெங்கய்யா. 1876 ஆகஸ்ட் 2 அன்று மசூலிப்பட்டினம் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அன்று அந்தப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இளவயதில் ராணுவத்தில் சேர்ந்து போயர் போரின்போது தென்னாப்பிரிக்கா போனார். காந்தியை அங்கேதான் முதலில் சந்தித்தார். ஊர் திரும்பியபின் பருத்தி விவசாயம், கனிமம், மொழி என்று பலவற்றில் இறங்கினார். பருத்தி வெங்கய்யா, வைரம் வெங்கய்யா, ஜப்பானிய மொழி கற்றதால் ஜப்பான் வெங்கய்யா என்றெல்லாம் அவரை அழைத்தார்கள்.

ஆனால் அவர் மனதை விட்டு நீங்காதது கொடிதான். மற்ற நாடுகளின் கொடிகளையெல்லாம் ஆராய்ந்து, இந்தியாவுக்கு ஏற்ற மாதிரிகளையும் வரைந்து, 1916-ல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பின்னர் மசூலிப்பட்டினம் தேசியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

1921-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், காங்கிரஸ் கமிட்டி கூடியது. கொடியில் ராட்டை இருக்கவேண்டும் என்பது ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜின் யோசனை. சிவப்பும் பச்சையும் சேர்த்து, நடுவே ராட்டை வைத்து வரையும்படி காந்தி வெங்கய்யாவிடம் கேட்டார். மூன்றே மணி நேரத்தில் வரைந்து கொடுத்துவிட்டார். பல வருட உழைப்பு கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. மற்ற மதத்தினருக்கும் இடம் வேண்டும் என்று காந்தி பின்னர் வெள்ளையையும் சேர்க்கச் சொன்னார்.

1931-ல் காங்கிரஸ் நிறங்களை மாற்றியது. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை. நிறங்களுக்கு மத அர்த்தம் இல்லை என்றும் அறிவித்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது, ராட்டைக்குப் பதில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் வந்தது. ராட்டையின் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் அது இடம் மாறித் தெரியும். சக்கரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்படிப் பலர் கை பட்டு வளர்ந்த கொடிக்கு முதல் வரைவு தந்தவர் வெங்கய்யா. அவருக்கு என்ன கிடைத்தது? கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. 1963 ஜூலை 4 அன்று காலமானார். அவர் படத்துடன் அஞ்சல் தலை வந்தது 2009-ல்தான். மாதம் பிறந்தால் கணக்கில் பென்ஷன் வந்து விழுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது மனம் உறுத்துகிறது.

ஜூலை 4 அவர் நினைவு நாள், ஜூலை 22 கொடி பிறந்த நாள், ஆகஸ்ட் 2 அவர் பிறந்த நாள். மூன்றும் இந்தக் காலாண்டுக்குள்ளேயே வருகின்றன. ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்த ஆண்டு கொடியேற்றும்போது அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று மாலை காகிதக் கொடிகளைப் படிக்கட்டிலும் கார் பார்க்கிங்கிலும் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேகரித்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். விதிப்படி மரியாதையாக அப்புறப்படுத்திவிடலாம்.

அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் ஆகஸ்ட் 15 அன்று சொல்லிவிடுவேன்.

ஜெய்ஹிந்த்.