கம்பிக்குள் இருந்த கவிஞர் நாசிம் ஹிக்மத்



லயத்துக்குத் தண்ணி வரலை, ரோடு சரியில்லை என்று யாராவது மகஜர் எழுதிக் கொண்டு வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஒத்தக் கையெழுத்தால என்னா ஆகப் போவுது என்று நழுவி விடுகிறோம். இன்று நாம் சொல்லப் போவது, பலர் போட்ட கையெழுத்து ஒரு கவிஞருக்காகச் சிறைக் கதவைத் தட்டிய கதை.

நாசிம் ஹிக்மத் 1902-ல் சலோனிக்கா பட்டணத்தில் பிறந்தார். இன்று கிரேக்க நாட்டில் இருக்கும் அந்த ஊர் அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளை. தாயார் ஜெலிலே அம்மையார் ஓவியர். நாசிம் சொகுசாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் வாலிப வயதில் அனதோலியா கிராமத்து ஏழைகளின் பாட்டைக் கண்ணாலே கண்டார். மாஸ்கோ போய்ப் படித்து, பொதுவுடைமைவாதியாகத் திரும்பினார். பழைய யாப்புக் கட்டை அவிழ்த்துவிட்டு, சாதாரண ஜனங்கள் பேசும் பேச்சிலேயே கவிதை எழுதினார்.

அதுவே வினையாகி விட்டது. ராணுவப் பள்ளி மாணவர்கள் அவருடைய கவிதைகளைப் படித்தார்கள். படையினரைக் கலகத்துக்குத் தூண்டினார் என்று 1938-ல் வழக்குப் போட்டு, இரண்டு ராணுவ நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. மொத்தத் தண்டனை 28 ஆண்டு 4 மாதம்!

சிறையிலும் அவர் சும்மா உட்காரவில்லை. பூர்சா சிறையில் தறியில் துணி நெய்து நாலு காசு சம்பாதித்தார். தன்னோடு இருந்த ஓர் இளைஞரைக் கவிதையை விட்டுவிட்டு உரைநடை எழுதும்படி தூண்டினார். அவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஓர்ஹான் கெமால். பலாபன் என்ற கிராமத்துக் கைதியின் கையில் தூரிகையைக் கொடுத்தார். அவர் பெரிய ஓவியரானார்.

வருஷம் பத்துக்கு மேல் ஓடிவிட்டது. நெஞ்சுவலியும் சேர்ந்து கொண்டது. 1949-ல் அவரை விடுவிக்கக் கோரிப் பாரிசில் ஒரு குழு அமைந்தது. ஓவியர் பிக்காசோ, பாடகர் பால் ராப்சன், எழுத்தாளர் சார்த்தர் எல்லாம் குரல் கொடுத்தார்கள். துருக்கியிலேயே ஒரு வக்கீல் வழக்கை அலசிப் பார்த்து, தீர்ப்பு தவறு என்று பத்திரிகையில் தொடராக எழுதினார். கவிஞரின் கட்சியை ஒத்துக் கொள்ளாதவர்கள்கூட இது அநியாயம் என்றார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும்.

1950 ஏப்ரல் 8-ல் கவிஞர் உண்ணாவிரதம் தொடங்கினார். உடம்பு மோசமாகி இடையில் நிறுத்தினாலும் மே 2-ல் மறுபடி தொடங்கினார். வெளியே அவரைப் பெற்றவள் என்ன செய்தாள் தெரியுமா? கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்ட அந்தத் தாய், இஸ்தான்புல்லின் கலத்தா பாலத்தில் நின்று, போகிற வருகிறவர்களிடம் மகனுக்காகக் கையெழுத்துக் கேட்டாள். மே 9-ல் அவளும் பட்டினி கிடந்தாள். மறுநாள் ஓர்ஹான் வெலி உள்ளிட்ட மூன்று கவிஞர்களும் சேர்ந்து கொண்டார்கள்.

மே 14 தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூலையில் புதிய அரசாங்கம் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டு வந்தது. 12 ஆண்டுக்குப் பிறகு நாசிம் வெளியே வந்தார்.

ஆனால் கதவு திறந்ததோடு கஷ்டம் தீரவில்லை. போலீஸ் நிழல்போல் தொடர்ந்தது. வயது 50-ஐ நெருங்கும் நோயாளியைப் பட்டாளத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. 1951 ஜூனில், மனைவியையும் பிறந்து சில மாதமே ஆன மகனையும் விட்டுவிட்டு, படகேறிக் கருங்கடல் வழியாகத் தப்பினார். அடுத்த மாதமே அரசாங்கம் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. தாய்மண்ணை மறுபடி மிதிக்காமலே 1963 ஜூன் 3-ல் மாஸ்கோவில் கண்மூடினார். பறித்த குடியுரிமையைத் துருக்கி திருப்பிக் கொடுத்தது 2009-ல்தான்!

தேர்தல் வந்ததால்தானே விடுதலை, கையெழுத்தாலா வந்தது என்று சிலர் கேட்கலாம். அந்தக் கையெழுத்துகள் இல்லாவிட்டால், 12 வருஷமாக உள்ளே கிடந்தவரை யார் நினைத்திருப்பார்கள்? ஊர் மறந்தவனுக்குக் கதவு திறக்காது. மறக்க விடாமல் செய்தாளே பாலத்தில் நின்ற அந்தத் தாய், அவளை நினைத்துக் கொள்வோம். அடுத்த முறை நியாயமான ஒரு காகிதம் நம் லயத்துக்கு வந்தால், நழுவாமல் படித்துப் பார்த்துப் பேனாவை எடுப்போம்.